பார்கோட் அச்சுத்தரம்: ஸ்கேனரா, வெரிஃபையரா?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அரிசி பொதி செய்து கொழும்புக்கு அனுப்புவோர் பலர், கைஸ்கேனர் ஒலித்ததும் பார்கோட் சரியென்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒலி, அந்த ஒரு கருவி அந்த ஒரு தடவை வாசித்தது என்பதற்கு மட்டுமே சான்று.

அச்சுத்தரத்தை அளக்கும் கருவியான வெரிஃபையரோ, பார்கோட் அச்சுத்தரத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 15416-இன்படி குறியைப் 10 இடங்களில் வருடி, கருமை வெண்மை வேறுபாடு, அச்சுக் குறை, கோட்டு அகலப் பிசகு ஆகியவற்றை அளந்து, 4 முதல் 0 வரை தரப்புள்ளி இடுகிறது. கடைப் பொதிகளில் வரும் 13 இலக்க பார்கோடான இஏஎன்-13 குறிக்கு, பார்கோட் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஜிஎஸ்1 கேட்கும் குறைந்தபட்சம் 1.5. லேபிள் அச்சியந்திரத்தின் வெப்ப அச்சுத் தலையில் சூடேறும் நுண்புள்ளி ஒன்று பழுதானால், லேபிள் ஓடும் திசையில் மெல்லிய வெள்ளைக் கீறல் விழும். கோடுகளும் அதே திசையில் இருந்தால் ஒரு கோடு மெலிந்துபோகும். ஸ்கேனர் அதையும் வாசித்துவிடக் கூடும், வெரிஃபையரில் தரப்புள்ளி இறங்கும்.

வெரிஃபையரின் விலை அதிகம்தான், சிறு ஆலைகள் கூட்டாக வாங்கலாம். ஸ்கேனர் அன்றாடச் சரிபார்ப்புக்குப் போதும், ஆனால் லேபிள் சுருளோ மை ரிப்பனோ மாற்றினால் வெரிஃபையரில் பார்க்காமல் லொறியில் ஏற்றவே கூடாது.