விசிட்டராக வந்து கனடாவில் கல்யாணம்: பிஆர் விண்ணப்பம் இன்லாண்டா, அவுட்லாண்டா?

2023 செப்டம்பரில் நான் டொராண்டோவில் வந்து இறங்கியது விசிட்டர் விசாவில். அக்கா ஸ்கார்பரோவில் இருக்கிறாள், அவளைப் பார்க்க வந்தேன். கூடவே ஒரு சம்பந்தப் பேச்சும் இருந்தது. தொண்ணூறுகளில் திருச்சி உறையூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் குடியிருந்தது. பிற்பாடு அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டாலும் பழக்கம் விடவில்லை. அந்த வீட்டுப் பையன்தான் மாப்பிள்ளை. டிசம்பரில் ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார். அப்பாவும் அம்மாவும் திருச்சியில் உட்கார்ந்து வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார்கள்.

கல்யாணம் முடிந்த மறுவாரமே பிஆர், அதாவது நிரந்தர வசிப்பு உரிமை, பற்றிய பேச்சு ஆரம்பித்துவிட்டது. இவர் கனடா குடிமகன், எனக்கு ஸ்பான்சர் செய்யலாம். எந்த வழியில் என்பதுதான் கேள்வி. மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஊருக்குத் திரும்பி அங்கிருந்தே காத்திருப்பது. அதை நாங்கள் இருவருமே ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டோம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் ஆளுக்கொரு நாட்டில் இருப்பதற்குக் கட்டாயம் எதுவும் எங்களுக்கு இல்லை. மற்ற இரண்டும் நான் இங்கேயே இருந்துகொண்டு செய்யக்கூடியவை: இன்லாண்ட், அவுட்லாண்ட்.

பலருக்கு இங்கேதான் குழப்பம். அவுட்லாண்ட் என்ற பெயரைக் கேட்டதும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. சட்டப்படி அதற்குப் பெயர் குடும்பப் பிரிவு. விண்ணப்பிக்கும் நாளில் கனடாவுக்குள் இருப்பவரும் அதில் போடலாம். இன்லாண்ட் என்பது கனடாவில் உள்ள கணவன் மனைவிக்கான தனிப் பிரிவு. படிவத்தில் ஒரே ஒரு இடத்தில் செய்யும் தேர்வுதான் இரண்டையும் பிரிக்கிறது. எங்கள் சாப்பாட்டு மேஜையில் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவுட்லாண்டைத் தேர்ந்தெடுத்தோம்.

மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, எங்கள் யோசனையே புரியவில்லை. "எல்லாரும் இன்லாண்ட்தானே போடினம், நீங்கள் ஏன் பிள்ளை வேற மாதிரிப் போறியள்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருக்குத் தெரிந்த குடும்பங்களில் விசிட்டராக வந்து கல்யாணம் செய்த எல்லோருமே இன்லாண்டில்தான் போட்டிருந்தார்கள்.

இரண்டிலும் ஒன்றாகவே இருப்பவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் ஒன்றுதான். 2024 பிப்ரவரியில் நாங்கள் கட்டியபோது ஸ்பான்சர் கட்டணம், பரிசீலனைக் கட்டணம், நிரந்தர வசிப்பு உரிமைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,080 டாலர், கைரேகைக்கு 85 டாலர். அந்த வருடம் ஏப்ரல் 30 முதல் 1,080 என்பது 1,205 ஆனது. ஸ்பான்சர் செய்பவர் மனைவியின் அடிப்படைத் தேவைகளுக்கு மூன்று வருடம் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். கியூபெக்கைத் தவிர மற்ற மாகாணங்களில் கணவன் மனைவி விண்ணப்பத்துக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், உறவுக்கான ஆதாரங்கள் எல்லாம் ஒன்றே. கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எங்கே விருந்து நடந்தது என்றுகூடப் படிவத்தில் கேட்பார்கள். அப்பா அம்மா ஏன் வரவில்லை என்று நான் தனியாக ஒரு பக்கம் எழுதி, அவர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த படத்தையும் சேர்த்து வைத்தேன். நம் ஊர்க் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் இல்லை என்றால் பார்க்கிற அதிகாரிக்குக் கேள்வி வரும். அவர் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு காலத்தில் இன்லாண்டை எல்லோரும் எடுத்ததற்கு வலுவான காரணம் ஓபன் வொர்க் பெர்மிட், அதாவது எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்ற அனுமதி. 2014 டிசம்பரிலிருந்து இன்லாண்டில் போட்டவர்களுக்கு, பிஆர் முடிவு வருவதற்கு முன்பே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அவுட்லாண்டில் போட்டுவிட்டு இங்கே இருந்தவர்களுக்கு அது இல்லை. வருடக் கணக்கில் ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துவது ஸ்கார்பரோ வாடகைக்குக் கட்டுபடியாகாது. ஆகவே அன்றைக்கு இன்லாண்ட் போட்டவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். 2023 மே மாதம் அந்த நிலைமை மாறியது. கனடாவில் ஸ்பான்சரோடு ஒரே முகவரியில் இருப்பவர், செல்லுபடியாகும் தற்காலிக அந்தஸ்தோடு (விசிட்டர் போலச் சட்டப்படி தங்கும் அனுமதியோடு) இருந்தால், குடும்பப் பிரிவில் போட்டிருந்தாலும் ஓபன் வொர்க் பெர்மிட் கேட்கலாம் என்று குடிவரவுத் துறை அறிவித்தது. மாமியின் வட்டாரத்துக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஏப்ரலில் விண்ணப்பம் கிடைத்தது என்ற கடிதம் வந்தது, ஜூனில் பெர்மிட் கையில்.

வேலை விஷயம் சமமாகிவிட்டது என்றால் எஞ்சியிருப்பது என்ன? நான் முடிவு செய்தது ஒரே விஷயத்தை வைத்துத்தான்: நடுவில் ஊருக்குப் போய்வர முடியுமா?

இன்லாண்ட் பிரிவின் அடிப்படை நிபந்தனையே, நீங்கள் கனடாவில் ஸ்பான்சரோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது. கனடா குடிவரவு ஒழுங்குவிதிகளின் 124-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வெளியே போனால் விண்ணப்பம் உடனே செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது அமெரிக்கச் சட்டத்தோடு கலந்த பேச்சு. நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகன்கூட, "முன்அனுமதி வாங்காமல் போனால் ஃபைலை மூடிவிடுவார்கள்" என்றான். அவன் நாட்டில் கிரீன் கார்டு கேட்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது சரி. கனடாவில் அப்படித் தானாக மூடுவது கிடையாது. இன்லாண்டில் போட்டவர்கள் ஊருக்குப் போய் நல்லபடியாகத் திரும்பியும் வந்திருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிஆர் விண்ணப்பம் நிலுவையில் இருப்பது உள்ளே வருவதற்கான உரிமை ஆகாது. திரும்பி வரும்போது எல்லை அதிகாரி ஏதோ ஒரு காரணத்தால் விடவில்லை என்றால், கனடாவில் சேர்ந்து வாழ்தல் என்ற நிபந்தனை அங்கேயே உடைகிறது. அதோடு விண்ணப்பமும் போகும். அவுட்லாண்டில் அதே அதிகாரி அதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினாலும் ஃபைல் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். மீதிக் காலத்தை ஊரில் கழிப்பேன், அவ்வளவுதான் நஷ்டம்.

மேஜையில் உட்கார்ந்து பேசியபோது இது வெறும் 'ஒருவேளை'யாகத்தான் இருந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு அண்ணன் அழைத்தான். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, நாளை ஆபரேஷன். நான் அழுதுகொண்டே டிக்கெட் பார்த்தேன். ஆனால் போகலாமா கூடாதா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வக்கீலுக்குப் போன் போடவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஐந்து வாரம் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் வாக்கரைப் பிடித்து வராந்தா வரை நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை: பாஸ்போர்ட், அதில் 2028 வரை பலமுறை வந்துபோகும் விசா, வொர்க் பெர்மிட் தாள், விண்ணப்பம் கிடைத்த கடிதம், கல்யாணச் சான்றிதழ், வேலை செய்யும் இடத்தின் கடிதம், அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதிகாரி எவ்வளவு நாள் வெளியே இருந்தாய், ஏன் போனாய், பிஆர் போட்டிருக்கிறாயா என்று மூன்று கேள்வி கேட்டார். பெர்மிட் தேதியைப் பார்த்தார், முத்திரை குத்தினார். எல்லாம் நான்கு நிமிடம். இன்லாண்டில் போட்டிருந்தாலும் அதே நான்கு நிமிடம்தான் ஆகியிருக்கும், பெரும்பாலும். ஆனால் அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி நான் விமானம் ஏறியிருப்பேனா என்று அன்றைக்கு வரிசையில் நின்றபோது கேட்டுக்கொண்டேன். ஏறியிருக்க மாட்டேன். அப்பாவை வீடியோவில்தான் பார்த்திருப்பேன்.

அடுத்தது மேல்முறையீடு. குடும்பப் பிரிவில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஸ்பான்சர் செய்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே வழக்கைப் புதிதாகவே கேட்பார்கள். கணவன் மனைவி இருவரும் சாட்சி சொல்லலாம், முதலில் கொடுக்காத ஆதாரத்தையும் வைக்கலாம். இன்லாண்டில் அந்த வாசல் கிடையாது. ஃபெடரல் நீதிமன்றத்தில் 15 நாளுக்குள் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அதிகாரியின் முடிவு நியாயமான வழியில் எடுக்கப்பட்டதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். உங்கள் கல்யாணம் உண்மையானதா என்று அவர் புதிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். எங்களுக்கு இது தேவைப்படவில்லை, 2025 மார்ச்சில் பிஆர் வந்துவிட்டது. ஆகவே மேல்முறையீடு நடைமுறையில் எத்தனை காலம் இழுக்கும் என்பதில் என் சொல்லை எடைபோட வேண்டாம். வாசல் இருக்கிறது என்பது சட்டத்திலேயே உள்ளது.

அவுட்லாண்டுக்கு எதிராக அப்போது ஒரு பெரிய பயமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 2023 அக்டோபரில், நான் வந்த அடுத்த மாதமே, இந்தியாவுக்கும் கனடாவுக்கும் உறவு மோசமாகி, கனடா தன் 41 ராஜதந்திரிகளைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் இருந்த குடிவரவுத் துறை ஊழியர்கள் 27 பேரிலிருந்து 5 பேராகக் குறைந்தார்கள். அவுட்லாண்டில் நேர்காணல் வைத்தால் சொந்த நாட்டில்தான் வைப்பார்கள், டெல்லிக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும், அங்கே ஆளே இல்லை என்றால் என்ன ஆகும் என்று இவர் இரண்டு நாள் தூங்கவில்லை. இன்லாண்டில் நேர்காணல் வந்தால் கனடாவுக்குள்ளேயே முடிந்துவிடும். எங்களை அழைக்கவில்லை, முழுக்கத் தாளிலேயே முடிந்தது. ஆனால் அது எங்கள் வழக்கு. முன்பு ஒரு கல்யாணம் ஆகி விவாகரத்தானவர்கள், வயது வித்தியாசம் அதிகம் உள்ளவர்கள், சந்தித்து மிகக் குறுகிய நாளில் கல்யாணம் செய்தவர்கள் நேர்காணல் வரும் என்று எண்ணியே தேர்வு செய்ய வேண்டும்.

இன்லாண்ட்தான் சரி என்று நான் தயங்காமல் சொல்லும் ஒரு நிலை உண்டு. விசிட்டர் காலம் முடிந்து, நீட்டிக்காமல் விட்டுவிட்டவர்கள். 2005-இல் வந்த ஒரு பொதுக் கொள்கையின்படி, அந்தஸ்து காலாவதியான கணவனோ மனைவியோகூட இன்லாண்டில் விண்ணப்பிக்க இடம் இருக்கிறது. அவர்கள் வெளியே போனால் திரும்பி வருவது மிகக் கடினம். ஊருக்குப் போய்வரும் சுதந்திரம் என்று நான் இவ்வளவு நேரம் பேசியது அவர்களுக்குப் பொருந்தாது. அந்த நிலையில் ஒரு வக்கீலையோ உரிமம் உள்ள ஆலோசகரையோ பார்க்காமல் ஒரு தாளும் அனுப்ப வேண்டாம். அதே மாதிரி ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் வந்தவர்களுக்கும் வெளியே போனால் புது விசா கேட்க வேண்டியிருக்கும் என்பதால், அவுட்லாண்டின் பாதிப் பலன் குறைந்துவிடும்.

இரண்டு வழியிலும் தவறவே கூடாத தேதி ஒன்று இருக்கிறது. விசிட்டருக்குப் பொதுவாக ஆறு மாதம் கிடைக்கும். பிஆர் விண்ணப்பம் போட்டுவிட்டதாலேயே அந்த ஆறு மாதம் தானாக நீளாது. எனக்கு மார்ச்சில் முடிந்தது. பிப்ரவரியிலேயே நீட்டிப்புக்குத் தனியாக விண்ணப்பித்தேன். முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும் வரை பழைய அந்தஸ்து தொடரும். வொர்க் பெர்மிட்டுக்கு இந்த அந்தஸ்துதான் அடிப்படை.

அப்புறம் முதல் நாள் விஷயம். எல்லையில் அதிகாரி எதற்கு வந்தாய் என்று கேட்டபோது, அக்காவைப் பார்க்க, இங்கே ஒரு கல்யாணப் பேச்சும் இருக்கிறது என்று சொன்னேன். அக்கா அதைச் சொல்லாதே என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள், அவளுக்கு என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதிகாரி திரும்பும் டிக்கெட்டைக் கேட்டார், காட்டினேன், ஆறு மாதம் கொடுத்தார். நிரந்தரமாக இருக்கும் எண்ணம் பின்னால் வரலாம் என்பதாலேயே விசிட்டராக நுழையக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. காலம் முடிந்தால் கிளம்பிவிடுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி இருந்தால் போதும். குடிவரவுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. ஆனால் பொய் சொல்லிப் பிடிபட்டால் ஐந்து வருடம் உள்ளே வர முடியாது, பிஆர் விண்ணப்பமும் போடமுடியாது.

இப்போது யாராவது என்னிடம் இன்லாண்டா அவுட்லாண்டா என்று கேட்டால் முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து விசா ஒட்டிய பக்கத்தைக் காட்டச் சொல்வேன். பலமுறையா ஒருமுறையா, எந்தத் தேதி வரை என்று பார்ப்பேன். அடுத்து, ஊரில் அப்பா அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்பேன்.