210 கிராமில் ஒரு வருஷம், 120 கிராமில் இரண்டு வருஷம்: என் புரோட்டீன் கணக்கு

பாளையங்கோட்டையில் ஜிம்மில் சேர்ந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. சேரும்போது 68 கிலோ. முதல் வருஷம் நாளுக்கு 210 கிராம் புரோட்டீன் சாப்பிட்டேன். அதற்கப்புறம் இன்றுவரை 120 கிராமை ஒட்டித்தான். இரண்டையும் வயிற்றாலும் பர்ஸாலும் அனுபவித்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

210 என்பது அப்போது இருந்த ஜிம் மாஸ்டர் போட்டுக்கொடுத்த கணக்கு. உடம்பு எடையில் கிலோவுக்கு 3 கிராம், 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் 210. புரோட்டீன் பொடி டப்பா விற்பவரும் அவரேதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு அன்று இல்லை. முதலில் என் தலையில் கட்டியது பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன்கூட இல்லை, எடை ஏற்றுவதற்கென்று விற்கும் மாஸ் கெயினர். ஒரு மாதம் குடித்த பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். 75 கிராம் பொடியில் புரோட்டீன் 15 கிராம், மிச்சம் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். அந்த விலைக்கு டவுனில் அல்வாவே வாங்கித் தின்றிருக்கலாம்.

அப்புறம் வே புரோட்டீனுக்கு மாறினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, 400 கிராம் கோழி நெஞ்சுக்கறி, இரண்டு ஸ்கூப் வே, அரை லிட்டர் பால், மிச்சத்துக்குச் சோறும் இட்லியும். மஞ்சள்கருவெல்லாம் தெரு நாய்க்குப் போனது. அதற்கு உடம்பு ஏறியது என்னவோ நிஜம். எனக்கு ஏறியது கேஸ். கறியிலேயே வயிறு நிரம்பிவிடுவதால் கீரை, பொரியல் எல்லாம் தட்டிலிருந்து காணாமல் போயின. காலையில் கக்கூஸில் அரை மணி நேரம். கடையில் கஸ்டமரிடம் டைல்ஸ் காட்டும்போது வயிறு கடமுடா என்று பேசும். செலவு மாதம் ஒன்பதாயிரம்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. “பச்சை முட்டைதான் பவர், அவிச்சா சத்து போயிரும்லே” என்று சீனியர் அண்ணாச்சி ஒருவர் சொல்ல, இரண்டு மாதம் பச்சையாக உடைத்து ஊற்றிக் குடித்தேன். விஷயம் நேர்மாறு. வெந்த முட்டையின் புரோட்டீனில் 90 சதவீதம் போல உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் பாதிதான். இதை 1998லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு முட்டையைக் குடித்துவிட்டு ஆறு முட்டைப் பலனோடு திரிந்திருக்கிறேன்.

வயிறு படுத்திய பாட்டில்தான் உட்கார்ந்து படித்தேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரண ஆளுக்குச் சொல்வது கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்குகிறவனுக்கு அது பத்தாது. 49 ஆய்வுகளை, 1,863 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. கிலோவுக்கு 1.6 கிராம் வரை ஏற்ற ஏற்றத் தசைக்குப் பலன் இருக்கிறது, அதற்கு மேல் போனால் சராசரியாகப் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதன் சாரம். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் 2.2 வரை போவதில் தப்பில்லை. என் 74 கிலோவுக்கு 1.6 என்றால் 118. சரி, 120 என்று வைத்துக்கொண்டேன்.

குறைத்த முதல் மாதம் தினமும் கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்த்தேன். ஒன்றும் கரையவில்லை. முதல் வருஷம் 68இலிருந்து 74 ஆனேன், ஆனால் இடுப்பும் 31இலிருந்து 34 இஞ்சுக்குப் போயிருந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் எடை ஒன்றரை கிலோதான் கூடியது, இடுப்பு 32க்கு இறங்கியது, தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 80இலிருந்து 115 கிலோவுக்கு வந்தது. இதை வைத்து 120தான் சிறந்தது என்று சாதிக்க மாட்டேன். புதிதாக எடை தூக்குகிறவனுக்கு எப்படித் தின்றாலும் முதல் வருஷம் கொஞ்சம் ஏறும், பின்னால் மெதுவாகத்தான் ஏறும். கூடுதலாகத் தின்ற அந்த 90 கிராம் இல்லாமலும் வேலை நடந்தது, அவ்வளவுதான்.

இப்போதைய சாப்பாடு: காலையில் மஞ்சள்கருவோடு நான்கு அவித்த முட்டை, 24 கிராம். மதியம் சோறு, பருப்பு, தயிர் சேர்ந்து 20 போல. சாயங்காலம் காணம், அதாவது கொள்ளு, அவித்துத் தாளித்தது, 50 கிராம் காணத்துக்கு 11. இரவில் 200 கிராம் கோழி, 45. அரை லிட்டர் பால், 16. மிச்சம் நான்கைந்து கிராம் இட்லி தோசையிலேயே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குப் பதில் சாளை மீன். உளுந்தஞ்சோறு ஆக்குகிற நாளில் மதியக் கணக்கு இன்னும் ஏறும். உளுந்தில் நூற்றுக்கு 23, 24 கிராம் இருக்கிறது. அரிசியில் குறைவான லைசின் என்ற புரோட்டீன் கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. எள்ளுத் துவையலோடு சாப்பிடும்போது இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்.

எடை போடுவதில் ஒரு வருஷம் முழுக்கத் தப்பு செய்திருக்கிறேன். கோழியைச் சமைத்த பிறகு நிறுத்து, பச்சைக் கறியின் கணக்கைப் போட்டேன். பச்சையில் நூறு கிராமுக்கு 22 என்றால், தண்ணீர் சுண்டி வெந்த கறியில் நூறுக்கு 30 வரும். காணம் தலைகீழ், அவித்தால் ஊதிவிடும். அதனால் எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றும் முன்னேயே நிறுத்துவிடுகிறேன். அடுப்பு மேடையில் குட்டித் தராசை வைத்துக் காணத்தை ஒவ்வொரு மணியாகக் குறைத்துக்கொண்டிருந்த அன்று அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு, “எய்யா, நகைக்கடையா வச்சிருக்க?” என்றாள்.

ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் உடம்பு ஏற்காது என்பதையும் நம்ப வேண்டாம். நெதர்லாந்தில் 2023இல் ஒரே வேளையில் 100 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், மெதுவாக என்றாலும் உடம்பு எடுத்துக்கொண்டது. கிட்னியில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இந்த 120ஐயும் தொட வேண்டாம்.

புரட்டாசிதான் சோதனை. எங்கள் வீட்டில் மாதம் முழுக்க முட்டைகூட உள்ளே வராது. 50 கிராம் மீல் மேக்கரில் 26, நூறு கிராம் பனீரில் 18, பாலும் தயிரும் முக்கால் லிட்டர், வழக்கமான பருப்பும் காணமும். அப்படியும் இருபது கிராம் இடிக்கும். அதற்காக வருஷத்தில் ஒரே ஒரு தடவை வே டப்பா வாங்குகிறேன். ஒரு கிலோ, தினம் ஒரு ஸ்கூப். ஐப்பசி பிறக்கும்போது டப்பா காலியாகிவிடும், அம்மா அதில் மிளகாய்வத்தல் போட்டு வைத்துக்கொள்வாள்.