வெறும் வயிற்றுச் சுகரா, மூன்று மாத சராசரியா?

கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிப் பக்க ஏலத்தோட்டங்களுக்குப் போகும் அக்காமாருக்கு, வெறும் வயிற்றோடு லேபில் காத்திருந்தால் அன்றைய கூலி போயிற்று. அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி (HbA1c) என்ற ரத்தச் சோதனை பெரிய உதவி: சாப்பிட்ட பிறகும் ரத்தம் கொடுக்கலாம், கடந்த 2-3 மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி தெரியும். முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து அதைக் குறைக்க முடியாது. சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இது 7 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும்.

ஆனால் உச்சிவேளையில் சர்க்கரை இறங்கி மயங்குவது சராசரியில் தெரியாது. இன்சுலின் போடுகிறவர்கள் தயவுசெய்து விரல்நுனிச் சோதனையை விடாதீர்கள்.

ரத்தச்சோகையையும் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்தால் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம். அட்டப்பாடி, வயநாட்டுப் பழங்குடிகளிடம் காணப்படும் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிவதால் குறைத்துக் காட்டும். அவர்களுக்கு நேரடி ரத்தச் சர்க்கரைச் சோதனையைத்தான் நம்புவேன்.