காற்று ஜாக்கெட்டை விட்டு நுரை ஜாக்கெட்டுக்கு மாறினோம்

நானும் மச்சானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து புலாவ் உபின், கேத்தாம் தீவுப் பக்கம் மாதம் இரண்டு முறையாவது போவோம். பெரும்பாலும் மீன்பிடிக்கத்தான், சில ஞாயிறுகளில் பிள்ளைகளும் வருவார்கள். முதலில் நால்வருக்கும், தண்ணீரில் விழுந்தால் தானாக ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு ஜாக்கெட், அதாவது காற்று ஜாக்கெட் வாங்கினோம். போன ஆண்டு எல்லோரும், ஊதத் தேவையில்லாமல் உள்ளே நுரை வைத்துத் தைத்த நுரை ஜாக்கெட்டுக்கு மாறிவிட்டோம்.

காற்று ஜாக்கெட்டின் வசதியை மறுக்க முடியாது. தோளில் துண்டு போட்ட மாதிரி இருக்கும், தூண்டில் வீசும்போது கையைத் தடுக்காது. ஊதிவிட்டால் 150 நியூட்டன் மிதப்பு (நியூட்டன் என்பது ஆளை மேலே தூக்கும் விசையின் அளவு). மயங்கியவரைக்கூட முகம் மேலே வரும்படி பெரும்பாலும் திருப்பிவிடும். கயாக்கில் போடும் 50 நியூட்டன் நுரை அங்கி அதைச் செய்யாது. அது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

இதெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். பராமரிப்பைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் பயணத்துக்காக நான்கையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் ஜாக்கெட்டை ஊதவைக்கும் கரியமில வாயு சிலிண்டர் இரண்டு சுற்று தளர்ந்திருந்தது. இன்னொன்றின் சிலிண்டரில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தது. எப்போதோ ஊதியதை யாரோ காற்றை இறக்கி, சிலிண்டரை மாற்றாமல் மடித்து வைத்துவிட்டார்கள். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருந்தது. முந்தின வாரம் மச்சான் போட்டிருந்தது அதைத்தான். அவனுக்கு நீச்சல் சரியாக வராது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

காற்று ஜாக்கெட் வைத்திருந்தால் சிலிண்டரைக் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றி எடைபோட்டு, அதன்மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட வேண்டும். வாயால் ஊதி ஓர் இரவு வைத்து, காற்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டதும் கரைந்து விசையைத் தட்டிவிடும் மாத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு. நம்மூர் ஈரப்பதத்துக்கு அது ஆகாது. எங்களுடையது ஒன்று மழைக்குப் பிறகு படகின் பெட்டிக்குள்ளேயே ஊதிக்கொண்டது. தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விலை கூடுதல், அதன் விசைப்பகுதிக்கும் காலாவதி உண்டு.

நுரை ஜாக்கெட்டுக்கு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். உட்கார மெத்தையாகப் போடக் கூடாது, நுரை அமுங்கி மிதப்பு குறைந்துவிடும். தையல், வார், கொக்கி, துணி வெளுத்திருக்கிறதா என்பதையெல்லாம் கண்ணாலேயே பார்த்துவிடலாம். படகில் நான்கு பேரின் பொறுப்பு என்றால் யாருடைய பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்த நிலைக்கு, எவரும் ஒரு பார்வையில் சோதிக்கக்கூடிய பொருள்தான் சரி.

நாங்கள் வாங்கியது கழுத்துப்பட்டை வைத்த 100 நியூட்டன் வகை. பிள்ளைகளுடையதில் கால்களுக்கிடையே போகும் வாரும் உண்டு. அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் தலைக்கு மேலே உருவிக்கொண்டு போய்விடும். மதியத்தில் வேர்த்துக் கொட்டும், கழற்றத் தோன்றும். அதனால் எஞ்சினைக் கிளப்புமுன் போட்டு, கயிறு கட்டிய பிறகே கழற்றுவது என்று வைத்துக்கொண்டோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும், அதுவும் பெரும்பாலும் நாங்கள் கிளம்பும் விடியற்காலையில். அப்போது ஜாக்கெட்டைத் தேடி எடுத்துப் போட நேரம் இருக்காது.

தென் தீவுகளைத் தாண்டி இரவில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். நான் அப்படிப் போனதில்லை. கவனமாகப் பராமரிக்கிறவர் கையில் காற்று ஜாக்கெட்டே அங்கே மேலாக இருக்கலாம்.

உங்களிடம் ஏற்கெனவே அது இருந்தால், அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் சமையலறைத் தராசை எடுத்து சிலிண்டரை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.