பக்கக்கன்றா, திசு வளர்ப்புக் கன்றா? வேலூர்ப் பக்கத்து வாழைக்கு எது?

நாம் பயிர் செய்யும் வாழைக்கு விதை கிடையாது. நடுகிற ஒவ்வொரு கன்றும் தாய்மரத்தின் நகல். தாயின் குணம் மட்டுமல்ல, நோயும் கூடவே வரும்.

தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்று மலிவு. ஆனால் கூன்வண்டும் வேர் நூற்புழுவும் கிழங்கோடு சேர்ந்தே வயல் மாறும். வாளிப்பான அகன்ற இலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது நீர்க்கன்று, கிழங்கில் சத்து இருக்காது. ஈட்டிபோல ஒடுங்கிய இலையும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ கிழங்கும் உள்ள கன்றை எடுங்கள். வேரைக் கழித்து, வெள்ளைச் சதை தெரியும்வரை சீவுங்கள். செம்பழுப்புப் புள்ளி இருந்தால் நூற்புழு, இன்னும் சற்று ஆழமாகச் சீவலாம். உள்ளே சுரங்கம் ஓடினால் வண்டின் புழு குடைந்தது, அந்தக் கன்றை அழித்துவிடுங்கள். சீவிய கிழங்கை 52 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் மிச்ச நூற்புழுவும் சாகும்; சூடு கூடினால் கிழங்கே வெந்துபோகும். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும் முடிக்கொத்து நோய் வைரஸால் வருவது என்பதால் இதற்கெல்லாம் அடங்காது. நோய் கண்ட தோட்டத்தில் கன்றே எடுக்காதீர்கள்.

தாய்மரத்தின் சிறு திசுவிலிருந்து ஆய்வகத்தில் பெருக்கிய திசு வளர்ப்புக் கன்றின் பெரிய பலம் ஒரே சீரான வளர்ச்சி. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 கன்று. தார்கள் ஏறக்குறைய ஒன்றாக முற்றும், வியாபாரி ஒரே தடவையில் லாரி கொண்டுவருவார். ஆனால் "ஆய்வகக் கன்று, நோயே வராது" என்ற பேச்சை நம்பாதீர்கள். தாய்க்கு வைரஸ் பரிசோதனை செய்திருந்தால்தான் கன்று சுத்தம். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மண்ணிலுள்ள வாடல் பூஞ்சைக்கு இதுவும் தப்பாது. அளவுக்கு மீறிப் பெருக்கினால் குட்டையும் கோணல் இலையுமாகச் சில கன்றுகள் மாறிப் பிறக்கும். ஐந்தாறு இலையோடு, நிழல்வலையில் பழக்கிய கன்றே வேண்டும். வேலூர் கத்திரி வெயிலில் நட்டால் இளங்கன்று கருகும், கிழங்கழுகலும் தாக்கும். மழை தொடங்கிய பின் நடுங்கள். பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது.

பள்ளிகொண்டா, அணைக்கட்டுப் பக்கம் ஜி9 (கிராண்ட் நைன்) ரகம் போடுகிறவர்கள் திசு வளர்ப்புக் கன்றையே வாங்கலாம். பூவனுக்கு என் தேர்வு பக்கக்கன்றுதான். பூவனின் மரபணுவிலேயே, இலையில் கோடு விழச் செய்யும் கோடுத்தேமல் வைரஸ் பதுங்கியிருக்கிறது. ஆய்வகப் பெருக்கத்தில் அது விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தார் பெருத்த, இலையில் கோடில்லாத மரங்களை அறுவடைக்கு முன்பே சாயம் பூசிக் குறித்துவைத்து, அவற்றின் கன்றை மட்டும் தோண்டுங்கள்.