இயக்கம் பழக எது நல்ல இடம்: ஸ்பாட்டா, எடிட் ரூமா?

படம் இயக்க ஆசைப்படுகிற எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "யாரிடமாவது அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்துவிடு" என்பதுதான். உதவி இயக்குநர் வேலையைத்தான் சொல்கிறார்கள் என்று விளக்கவே வேண்டாம். எடிட்டிங் பக்கம் போ என்று ஒருவரும் சொல்வதில்லை. எடிட்டராக நினைப்பவர்கள் போகும் இடம் அது என்று விட்டுவிடுகிறார்கள். நான் இயக்குநராகும் எண்ணத்தோடுதான் எடிட் ரூமில் போய்ச் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஸ்பாட்டில், அதாவது படப்பிடிப்பு நடக்கும் இடத்தில், நின்றதும் உண்டு: ஒரு சின்னப் படம், சில விளம்பரங்கள், அவ்வளவுதான். ஆகவே ஸ்பாட்டைப் பற்றி நான் சொல்வதில் பாதி, அங்கே வருடக்கணக்கில் உழைக்கும் நண்பர்கள் சொல்லக் கேட்டது. அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

திரைப்படக் கல்லூரியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. இடமும் வசதியும் கிடைத்தால் போகலாம். படித்து முடித்து வெளியே வந்தபின்னும் இதே கேள்வி காத்திருக்கும். சொந்தமாகக் குறும்படம் எடுப்பதும் போட்டியில் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அதை விடக் கூடாது.

பெரிய பெயர்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அகிரா குரோசாவா 1936இல் உதவி இயக்குநராகச் சேர்ந்து 1943இல் முதல் படத்தை இயக்கியவர். எதிர்ப்பக்கம் டேவிட் லீன், ராபர்ட் வைஸ், ரிஷிகேஷ் முகர்ஜி, நம் பீம்சிங் எல்லாரும் எடிட்டிங் மேசையிலிருந்து எழுந்துவந்து இயக்கியவர்கள். ஒன்றே ஒன்று எனக்குச் சாதகம்: குரோசாவா தன் குருவான கஜிரோ யமமோட்டோவிடம் கற்றதில் திரைக்கதை எழுதுவதும் எடிட்டிங்கும் சேர்த்தி. பிற்காலத்தில் தன் படங்களைத் தானே எடிட் செய்தவர் அவர்.

ஸ்பாட்டில் என்ன கிடைக்கும் என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்ததே. திரைக்கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து, கதை வரிசையை மறந்துவிட்டு லொக்கேஷன் வரிசையில் ஷெட்யூல் போடப் பழகலாம். பல துறை ஆட்களை ஒரே நேரத்தில் ஒரே ஷாட்டுக்குத் தயார் செய்வது எப்படி என்று பிடிபடும். நடிகர்கள், கேமராமேன், தயாரிப்பு நிர்வாகி என்று ஆள் பழக்கம் ஏற்படும். முதல் படத்துக்காக அலையும்போது அந்தப் பழக்கம் எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடிட் ரூமில் உட்கார்ந்து அதைச் சம்பாதிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கிறது, எடுக்க வேண்டியவை நான்கு ஷாட், நேரமோ இரண்டுக்குத்தான் இருக்கிறது. எந்த இரண்டை விடுவது என்று இயக்குநர் நின்றபடியே முடிவெடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். பெரிய பாடம் அது.

ஆனால் அந்தப் பாடத்தின் விடை அங்கே தெரியாது. விட்டுப்போன இரண்டு ஷாட் இல்லாமலும் காட்சி நின்றதா, நொண்டியதா என்பது எடிட்டில்தான் தெரியவரும். அந்த நேரத்தில் உதவி இயக்குநர் அடுத்த ஷெட்யூலுக்கு ஆள் திரட்டிக்கொண்டிருப்பார். தவிர, டேக் போகும்போது அவர் கண் எங்கே இருக்கிறது? புதிதாகச் சேர்ந்தவர் க்ளாப் அடித்துவிட்டு ஃப்ரேமை விட்டு விலக வேண்டும், அப்புறம் பின்னணியில் நடந்துபோகிறவர்களுக்குச் சைகை காட்ட வேண்டும், அடுத்த காட்சிக்கான உடை தயாரா என்று பார்த்துவர ஓட வேண்டும். நடிப்பு நடக்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி நின்றும் நடிப்பையே பார்க்காமல் ஒரு நாள் முடிந்துவிடும். கன்டினியூட்டி பார்ப்பவர், அதாவது உடையும் பொருளும் அசைவும் ஷாட்டுக்கு ஷாட் பொருந்துகிறதா என்று கவனிப்பவர், மட்டும் விதிவிலக்கு, அவர் ஒவ்வொரு டேக்கையும் பார்த்தே ஆக வேண்டும். ஸ்பாட்டுக்குத்தான் போவேன் என்பவர்கள் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

எடிட் ரூமிலும் ஆரம்பம் ஒன்றும் பிரமாதமில்லை. உதவி எடிட்டர் முதலில் எதையும் வெட்டுவதில்லை. ஸ்பாட்டிலிருந்து வரும் மெமரி கார்டுகளைக் காப்பி எடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்கில் பத்திரப்படுத்தி, தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு சிங்க் செய்து, காட்சி எண், ஷாட் எண், டேக் எண் போட்டு அடுக்க வேண்டும். க்ளாப் கட்டை மூடும் ஃப்ரேமும் 'டக்' என்ற சத்தமும் ஒன்றுசேர வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் மூன்று நான்கு ஃப்ரேம் தள்ளிப்போனாலே உதட்டசைவு உறுத்த ஆரம்பித்துவிடும். சலிப்பான வேலைதான். ஆனால் எடுத்தது அத்தனையையும், ஓகே ஆகாத டேக் உட்பட, ஆரம்பம் முதல் முடிவு வரை கடந்துபோகிறவர் இந்த ஆள்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் பேசும் இரண்டு நிமிடக் காட்சி. முழுக் காட்சியையும் அகலமாகப் பிடிக்கும் மாஸ்டர் ஒன்று, தோளுக்கு மேலிருந்து இரண்டு, க்ளோசப் இரண்டு, ஆக ஐந்து கோணம். ஒவ்வொன்றிலும் நான்கு டேக், ஒவ்வொரு டேக்கிலும் முழுக் காட்சி என்றால் 40 நிமிடம். பார்வையாளருக்குப் போய்ச் சேர்வது இரண்டு நிமிடம். நான் எடிட் ரூமுக்குச் சாய்வது மிச்சமுள்ள 38 நிமிடத்துக்காகத்தான்.

அதில் என்ன இருக்கிறது? முதலில், டேக்குகளுக்கு நடுவே நடக்கும் பேச்சு. பல சமயம் கேமராவை நிறுத்தாமலே இயக்குநர் நடிகரிடம் ஏதாவது சொல்லி மறுபடி ஆரம்பிப்பார், மைக் அதையும் பதிந்துவைத்திருக்கும். வேலை போய்விட்டது என்று வீட்டில் கணவரிடம் சொல்லும் ஒரு பெண்ணின் காட்சியை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது டேக் முடிந்ததும் இயக்குநர், "இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணிச் சொல்லுங்க" என்கிறார். மூன்றாவது டேக்கில் குரல் தழுதழுக்கிறது, முகம் கோணுகிறது, காட்சி படுத்துவிடுகிறது. அப்புறம் இன்னொரு யோசனை வருகிறது: "பையில சாவியைத் தேடிக்கிட்டே சொல்லுங்க. சாவி கிடைக்கிற வரைக்கும் அவரைப் பார்க்காதீங்க." நான்காவது டேக்கில் அதே வசனம், ஆனால் அந்தப் பெண் தலை நிமிரும் நொடியில் நமக்கே திக்கென்கிறது. நடிகருக்கு உணர்ச்சியின் பெயரைச் சொல்வதைவிடச் செய்ய ஒரு காரியம் கொடுப்பது மேல் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தருவார்கள். இங்கே மூன்றாவது டேக்கையும் நான்காவது டேக்கையும் அடுத்தடுத்து போட்டுப் பார்க்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஸ்பாட்டில் இருப்பவருக்கு ஒரே ஒரு முறை, அதுவும் காதில் வாக்கிடாக்கி கத்திக்கொண்டிருக்கும்போது.

அடுத்தது, 'கட்' சொல்லும் நேரம். வசனம் முடிந்த உடனேயே கட் சொல்லும் இயக்குநரின் ஃபுட்டேஜ் எடிட்டருக்குத் தலைவலி. நடிகர் பேசி முடித்து, வாயை மூடி, எச்சில் விழுங்கி, பார்வையைத் தாழ்த்தும் அந்த இரண்டு மூன்று நொடிதான் பல காட்சிகளில் வெட்டிப்போக வேண்டிய இடம். அது இல்லையென்றால் எடிட்டர் என்ன செய்வார் தெரியுமா? 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால், நடிகர் தயாராகிக் காத்திருக்கும்போது தற்செயலாக ஒரு பக்கம் பார்த்திருப்பார். அந்தப் பார்வையைத் திருடிவந்து ரியாக்‌ஷனாக வைப்பார். ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. இதைச் செய்து பழகிய ஒருவர் நாளைக்கு ஸ்பாட்டில் நின்றால் கட் சொல்ல அவசரப்பட மாட்டார்.

கையும் பொருளும் இன்னொரு தொல்லை. மாஸ்டரில் நடிகர் "சரி, போகலாம்" என்று சொல்வதற்கு முன் டம்ளரை வைக்கிறார், க்ளோசப்பில் சொன்ன பிறகு வைக்கிறார். இரண்டு டேக்கும் தனித்தனியாக அருமை. ஒட்டினால் டம்ளர் இரண்டு முறை இறங்கும். நல்ல நடிப்பை விடுவதா, டம்ளர் குதிப்பதைப் பொறுத்துக்கொள்வதா? அனுபவமுள்ள எடிட்டர்கள் பெரும்பாலும் நடிப்பின் பக்கம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், பார்வையாளர் முகத்தைத்தான் பார்ப்பார் என்ற நம்பிக்கையில். எந்தப் பிசகை மன்னிக்கலாம், எதை மன்னிக்கவே முடியாது என்பது அந்த மேசையில் உட்கார்ந்தால்தான் புரிகிறது. ஒலியில் மன்னிப்பு குறைவு. ஆட்கள் பேசாமல் நிற்க, அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்யாமல் வந்துவிட்டால், வசனங்களுக்கு இடையே வெட்டிய இடமெல்லாம் காதில் பள்ளம் பள்ளமாக விழும்.

எடிட் ரூமின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான்கு சுவருக்குள் இருந்தால் உலகம் மறந்துபோகும், இரண்டு மூன்று பேர் தவிர யாரையும் தெரியாது. கோணம் கோணமாக எடுத்து வைத்தால் எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற சோம்பேறித்தனம் வரக்கூடும். ஒரே ஷாட்டில் ஆட்களை நகர்த்திக் காட்சியைக் கட்டும் தைரியம் அங்கே வளராது. நடிகர் எதிரில் நின்று, அவர் கோபமாக இருக்கும்போதும் களைத்திருக்கும்போதும் பேசும் பக்குவமும் ஃபுட்டேஜைப் பார்த்து வராது. ஒரு முழுநீளப் படத்தை இயக்கும்போது இந்தக் குறை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை நான் அனுபவித்துச் சொல்லும் நிலையில் இல்லை. குறும்படம் எடுத்த வரைக்கும், ஆட்களைச் சமாளிக்கத் திணறினேன். ஷாட் பிரிப்பதில் திணறவில்லை.

இரண்டு கதவும் திறக்கவில்லை என்றால்? 1919இல் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கிய காலத்தில் படச்சுருளுக்குக் கடும் பஞ்சம். லெவ் குலெஷோவின் மாணவர்கள் ஏற்கெனவே இருந்த படங்களை வெட்டி மாற்றி ஒட்டித்தான் எடிட்டிங் படித்தார்கள். இன்றைக்கு அதைவிடச் சுலபம்: படம் எடுக்கும் நண்பரின் மொத்த ஃபுட்டேஜையும் வாங்கி நீங்கள் எடிட் செய்யுங்கள், உங்களுடையதை அவரிடம் கொடுங்கள். எந்த இடத்தில் அவர் உங்களைத் திட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர், ஆட்களோடு பழகத் தயங்குகிறவர் என்றால் நான் சொன்னதற்கு நேர்மாறாக ஸ்பாட்டுக்குப் போவதே நல்லது; எடிட் ரூம் அந்தக் கூச்சத்துக்கு வசதியான ஒளிவிடமாகிவிடும். மற்றவர்களுக்கு என் ஓட்டு எடிட் ரூமுக்கு. சேரும் முன் அந்த எடிட்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ரஷஸ், அதாவது எடுத்த டேக் அத்தனையும், முழுவதுமாக இங்கே வருமா, தேர்ந்தெடுத்த டேக் மட்டும் வருமா? தேர்ந்தெடுத்ததுதான் வரும் என்றால் நான் இவ்வளவு நேரம் சொன்ன 38 நிமிடம் உங்களுக்குக் கிடைக்காது, அங்கே சேர வேண்டாம். ஸ்பாட் எடிட்டருக்கு உதவியாளாக இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் போய்விடுங்கள். காலையில் எடுத்த காட்சியை மாலைக்குள் ஒட்டிப் பார்த்து, குறைகிற ஷாட்டை லொக்கேஷனை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கும் வேலை அது.