ஏற்காட்டுக் காபியும் என் தைராய்டு மாத்திரையும்: 7 வருட அனுபவம்

தைராய்டு மாத்திரை போட ஆரம்பித்து எனக்கு இது ஏழாவது வருடம். அதில் முதல் மூன்று வருடம் வீணாகத்தான் போனது.

எங்கள் வீடு ஏற்காட்டில், காபித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. விடிந்ததும் காபி குடிக்காமல் இங்கே யாருக்கும் கை கால் ஓடாது. மலைக்குளிர் பழகின எனக்கே சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. அசதி, முடி கொட்டுதல் வேறு. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 என்று வந்தது. தைராய்டு சுரப்பு குறையக் குறைய ஏறுகிற எண் இது. 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்த மாத்திரை 50, 75, 100 என்று ஏறிக்கொண்டே போனது. டி.எஸ்.எச். மட்டும் 9-க்குக் கீழே இறங்கவே இல்லை. போகும்போதெல்லாம் ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையைக் கூட்டி அனுப்பினார்களே தவிர, என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாத்தனார் சொல்லித்தான் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பார்த்தேன். போர்டில் 'சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன்' என்று இருந்ததால் சுகர் டாக்டர் என்றே நினைத்திருந்தேன். எம்.டி. முடித்த பிறகு ஹார்மோன் சுரப்பிகளுக்காகவே மூன்று வருடம் டி.எம். படித்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார். கழுத்தில் விரல்களை வைத்துக்கொண்டு, ஒரு மடக்கு தண்ணீர் விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது சுரப்பி ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியுமாம். பிறகு நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று உதைத்தது; பழைய இடத்துக்கு மட்டும் மெதுவாகத்தான் திரும்பியது. "தைராய்டு கம்மியா இருந்தா இப்படித்தாம்மா திரும்பும்" என்றார்.

"மாத்திரை எப்பம்மா போடுறீங்க?"

"காலையில வெறும் வயித்துலதாங்க மேடம்."

"காபி?"

"மாத்திரை போட்ட கையோட குடிச்சிருவேங்க. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் அப்பவே போட்டுருவேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். இரும்பு, கால்சியம் இரண்டும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், காபியும் அதை உடம்பில் சேரவிடாது என்று விளக்கினார். காபிக்கு ஒரு மணி நேரம், இரும்புக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இனி மருந்து முழுசாக உடம்பில் சேரும் என்பதால் அளவை 75-க்குக் குறைத்தார். புது அளவு ரத்தத்தில் நிலைப்பட வேண்டும், ஆறு வாரம் கழித்துத்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். 3.2 வந்தது, நார்மல். பேருந்து நிலையத்தில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மலைத் தண்ணீரில் அயோடின் இல்லாததுதான் காரணமோ என்றும் கேட்டிருந்தேன். அயோடின் உப்புதானே சமைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, ஆன்டி டி.பி.ஓ. என்ற, தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி டெஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். அது மிக அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிற ஹாஷிமோட்டோ நோய் இது. 1912-ல் ஒரு ஜப்பானிய மருத்துவர் முதலில் விவரித்ததாம்.

இப்போது 5 மணிக்கு எழுந்து மாத்திரை, 6 மணிக்குக் காபி. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டபோது, டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். இல்லாவிட்டால் ரிசல்ட் தப்பாகக் காட்டலாமாம். தைராய்டு மாத்திரையை ஒருநாள் மறந்தாலும் பதற்றப்பட வேண்டியதில்லை. அதிலுள்ள ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும்.

குறை என்றால் காத்திருப்புதான். டோக்கன் வாங்கினாலும் அரை நாள் போய்விடும். எடையும் மூன்று கிலோதான் குறைந்தது. தைராய்டால் ஏறுகிற எடையே அவ்வளவுதான், மீதிக்கு நடக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு மலையிறங்குகிறேன். அவளுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது. தைராய்டு கோளாறு குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் அவளுக்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.